புளியங்கொட்டை டம்ளர்

ஜூன் 4

எங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன சட்னி என்று தெருவுக்கே தெரிந்துபோனது.

குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அதற்கு நான் செயலாளர். தகுதி பார்த்துக் கொடுத்த பதவி இல்லை. என்னிடம் வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது. நாற்காலி, சாமியானா, அண்டா, மைக் செட் எல்லாம் உண்டு. இவனைச் செயலாளராக்கிவிட்டால் வாடகை கேட்க வெட்கப்படுவான் என்று தெருவார் யோசித்தார்கள். சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள்.

சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் ஒருவர். குடிமகனின் கடமைகள் என்று ஆரம்பித்தவர் நிறுத்துகிற வழியாக இல்லை. எனக்குப் பசி. சாமியானாவுக்குப் பின்னால் போய் மனைவிக்கு போன் போட்டேன். "பாக்கியம், இந்த ஆளு இப்போதைக்கு முடிக்க மாட்டான் போல. தோசைக்கல்லப் போட்டுறாத. தக்காளிச் சட்னி மட்டும் அரைச்சு வை." சட்டையில் குத்தியிருந்த சின்ன மைக் என் கடை மைக். அதை அணைக்க வேண்டிய ஆளும் நான்தான்.

முதல்வர் உடனே முடித்துக்கொண்டார். பொன்னாடைக்குப் பதிலாக நாங்கள் அவருக்கு ஒரு புத்தகம் கொடுத்தோம். அவர் தன் பையைத் துழாவி ஒரு புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்து, "இதைச் செயலாளர் அவசியம் படிக்கணும்" என்றார். பாராட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஜூன் 6

ஏதோ ஒரு குளிர்நாட்டை உருவாக்கிய தலைவர் தன் கதையைத் தானே எழுதியிருக்கிறார். தமிழாக்கம். அவர் பெயர் என் வாயில் நுழையவில்லை. பெரியவர் என்று வைத்துக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்த எனக்கே புரிகிற மாதிரி எழுதியிருக்கிறார்.

அவரும் ஒரு காலத்தில் சாதாரண ஆள்தான். வாரத்துக்கு ஒரு நற்குணம் என்று எடுத்துக்கொண்டு, தவறும்போதெல்லாம் ஒரு ஜாடிக்குள் பாசி மணி ஒன்றைப் போடுவாராம். வாரம் முடிந்து ஜாடி காலியாக இருந்தால் அடுத்த குணத்துக்குப் போவார். அன்றாடம் நடந்ததை எழுதியும் வைப்பார். இப்படியே போய் நாட்டையே ஆண்டுவிட்டார்.

நாட்டை ஆளும் எண்ணம் எனக்கில்லை. மகள் பிரசவத்துக்கு வருகிறாள். பேரனோ பேத்தியோ வரும் நேரத்தில் தாத்தா கொஞ்சம் உருப்படியான ஆளாக இருந்தால் நல்லது என்று தோன்றியது. பாசி மணிக்குப் பதிலாகப் புளியங்கொட்டை. ஜாடிக்குப் பதிலாகக் கடையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர்.

முதல் குணம் மௌனம். பயனில்லாமல் வாயைத் திறக்கக் கூடாது. இதை எழுதும் முன்பே டம்ளர் பாதி நிறைந்துவிட்டது. பாக்கியம் எட்டிப் பார்த்து, கடைப் புளி முழுக்க நம்ம வீட்டுக்குத்தான் வரணும் என்றாள்.

ஜூன் 11

செல்வி வந்துவிட்டாள். முழுப் பெயர் ஆவுடைச்செல்வி. கம்பம் ஊரில், மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு முடித்து அழைத்து வந்தோம். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து, இரண்டு தடவை தங்காமல் போன பிறகு, இப்போதுதான் ஏழாம் மாதம் தொட்டிருக்கிறது. கார் ஒரு பள்ளத்தில் இறங்கினாலும் நான் டிரைவரைப் பார்த்தேன். கடைசியில் அவர், "நான் வேணா காரைத் தூக்கிட்டு நடந்து வரவா அண்ணாச்சி" என்றார்.

கை நிறைய வளையல். வீட்டுக்குள் அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்க்காமலே தெரிகிறது.

கம்பத்தில் வீட்டு வாசலுக்கே வாய்க்காலும் தண்ணீரும். எங்கள் ஊரில் நகராட்சிக் குழாய் பத்து நாளைக்கு ஒரு தடவை வந்தால் அன்று திருவிழா. பிள்ளை உண்டான பெண் குளிக்க நான் இரண்டு வாளி தண்ணீரைக் காட்டினேன். அவள் ஒரு வாளியை எனக்கென்று நகர்த்தி வைத்தாள். எனக்கு முகம் சுருங்கிப்போனது.

ஜூன் 14

இந்த வாரக் குணம் செயல். நினைத்ததை உடனே செய்வது.

மோட்டார் வாங்கிவிட்டேன். அரை எச்.பி. குழாய்க் குழிக்குள் இறக்கி, நகராட்சிக் குழாயோடு நேராகச் சேர்த்தாயிற்று. செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. தெருவில் தண்ணீர் திறக்கும் நாளன்று காலையில் காதை வைத்துக் கேட்டால் சட்டம் எத்தனை வீட்டில் உறுமுகிறது என்று தெரியும். பிளம்பர், "இத்தனை நாளா நீங்க மட்டுந்தான் மோட்டார் இல்லாம இருந்தீங்க அண்ணாச்சி, எல்லாரும் சிரிச்சாங்க" என்றார்.

ஜூன் 15

தண்ணீர் வந்தது. பாக்கியம் சுவிட்சைப் போட்டாள். மாடித் தொட்டி நிறைந்து வழிந்தது. நாங்கள் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். செல்வி இரண்டு தடவை குளித்தாள். டம்ளரில் ஒரு கொட்டைகூட இல்லை.

ஜூன் 19

சிக்கனம். இது எனக்குப் பிடித்த குணம். வீட்டில் ஓடும் வீண் செலவுகளைத் தேடிக்கொண்டு போனால் முதலில் கண்ணில் பட்டது கேன் தண்ணீர்.

பெரியவர் நகரசபைத் தலைவராக இருந்தபோது, ஊர்க்குழாய்த் தண்ணீரை யாரும் நம்பவில்லையாம். இவர் சதுக்கத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் அதைப் பிடித்துக் குடித்தாராம். நம் ஊர்த் தண்ணீரை நாமே நம்பவில்லை என்றால் நாம் என்ன குடிமக்கள் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தை நான் இரண்டு தடவை படித்தேன். கேன்காரரை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பாக்கியம் கொதிக்க வைக்கட்டுமா என்றாள். சிலிண்டர் என்ன சும்மாவா வருகிறது என்றேன். மாடித் தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, கூடத்து நடுவில் நின்று, பெரியவர் மாதிரி ஒரு பிரசங்கம் செய்து, முதல் டம்ளரை என் கையாலேயே செல்விக்குக் கொடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே குடித்தாள். பிறகு மூக்கைச் சுருக்கி, "ஏதோ வாடை அடிக்குதுப்பா" என்றாள். புதுக் குழாய் வாடை, இரண்டு நாளில் போய்விடும் என்றேன். வாயும் வயிறுமாக இருப்பவர்களுக்கு எல்லாமே வாடைதான் என்றாள் பாக்கியம்.

ஜூன் 27

இந்த வாரம் வாய்மை. அதில் இன்று நடந்ததைக் கேட்டால் பெரியவர் புத்தகத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

நகராட்சியிலிருந்து மோட்டார் சோதனை. தெரு முனையில் ஜீப் நிற்கிறது என்று எதிர்வீட்டுப் பேச்சிமுத்து ஓடிவந்து சொன்னான். டீக்கடைக்காரன், நல்ல பையன். மோட்டாரைக் கழற்ற நேரமில்லை. கடையிலிருந்து பிரியாணி அண்டாவைத் தூக்கிவந்து குழியின் மேல் கவிழ்த்தேன். நூறு பேருக்கு வடிக்கிற அண்டா. அது போதாதென்று அதன் மேல் கரண்டிகளையும் அடுக்கினேன்.

வந்தது ஒரு சின்ன வயதுப் பெண். உதவிப் பொறியாளர், பெயர் மரிய ஷெரின். வெயிலில் முகம் கறுத்துப் போயிருந்தது. அண்டாவைப் பார்த்தார். "என்ன சார் இது" என்றார். "பிரியாணி அண்டா மேடம்" என்றேன். அது பொய்யில்லை. சங்கச் செயலாளர் என்று தெரிந்ததும், நீங்களாவது தெருக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள், மோட்டார் போட்டு இழுத்தால் குழாய்க்குள்ளே சாக்கடையையும் சேர்த்து இழுக்கும் என்றார். சொல்கிறேன் என்றேன். அதுவும் பொய்யில்லை.

உள்ளே வந்தால் செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சிரிக்காதே, பிள்ளை பயந்துவிடும் என்றேன். "இல்லப்பா, அதுவும் சிரிக்குது, தொட்டுப் பாருங்க" என்று என் கையை எடுத்து வைத்தாள்.

உதைத்தது. இது எந்தக் குணம் என்று புத்தகத்தில் இல்லை.

ஜூலை 9

சங்கக் கூட்டத்தில் தீர்மானம்: தெருவில் யாரும் மோட்டார் வைத்துத் தண்ணீர் எடுக்கக் கூடாது. முன்மொழிந்தவர் செயலாளர். எல்லாரும் கையைத் தூக்கினோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஜூலை 22

செல்வியைப் பெரிய டாக்டரிடம் காட்டினோம். எடை, ரத்தம், பிள்ளையின் துடிப்பு எல்லாம் நன்றாக இருக்கிறதாம். பாக்கியம் மாத்திரை வாங்க நின்ற நேரத்தில் இவளைக் காணவில்லை. தேடினால் வெளியிலிருந்து வருகிறாள். காற்று வாங்கப் போனேன் என்றாள். களவாணிப் பூனை மாதிரி ஒரு சிரிப்பு.

ஜூலை 27

மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாந்தி. வெயில்தான் காரணம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வாரக் குணம் என்ன என்று பார்க்கவில்லை.

ஜூலை 28

காலையில் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கண் மஞ்சளாக இருந்தது.

பக்கத்து வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பாக்கியம் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்றாள். டாக்டர் ரத்தத்தைப் பார்த்தார். அவர் எங்களிடம் பேசவில்லை. முதலில் போனை எடுத்து மதுரைக்குப் பேசினார். ஆம்புலன்ஸ் வந்த பிறகுதான் எங்களிடம் பேசினார்.

ஜூலை 29, மதுரை

மாப்பிள்ளை முத்துவேல்ராஜ் வந்துவிட்டார். சம்பந்தியம்மாவும் வந்திருக்கிறார்.

இங்கே ஒரு பெண் டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். மஞ்சள்காமாலையில் ஒரு வகை குடிதண்ணீரில் வருவது. சாக்கடை கலந்த தண்ணீர். மற்றவர்களுக்கு வந்த சுவடு தெரியாமல்கூடப் போய்விடும். மாசமாக இருப்பவர்களுக்கு வந்தால் ஈரலைப் பிடித்துவிடும், உயிருக்கே ஆபத்து. மாப்பிள்ளை எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டார். இப்போது குடித்தது இல்லை, ஒரு மாதம் ஒன்றரை மாதத்துக்கு முன்னால் குடித்தது, வெளியே தெரிய அவ்வளவு நாளாகும் என்றார் டாக்டர்.

மாப்பிள்ளை விரல் விட்டு எண்ணினார். வளையல் போட்ட நேரம்தானே மாமா, எங்கள் வீட்டுத் தண்ணீராகக்கூட இருக்கலாம் என்றார். 

நான் டாக்டரின் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு பூ இருந்தது.

ஜூலை 31

யாரையும் அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்து டிரைவர் என்றாள். பள்ளம் பார்த்துப் போங்க என்றாள். வளையல்களைக் கழற்ற வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். கை வீங்கியிருந்ததால் சோப்புப் போட்டும் வரவில்லை. ஒவ்வொன்றாக உடைத்தார்கள். நான் கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்கினேன். யார் காலிலாவது குத்திவிடும்.

ஆகஸ்ட் 1

பெண் பிள்ளை. அழவில்லை.

ஆகஸ்ட் 2

மாப்பிள்ளையும் நானும் போய்விட்டு வந்தோம். துணியில் சுற்றியிருந்ததை அவர்தான் வைத்திருந்தார். ஆட்டோ வேகமாகப் போனபோது அவர் மெதுவாகப் போங்க அண்ணே என்றார். மண்ணைத் தள்ளின பிறகு அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். என்னைவிட உயரமான பையன். குனிந்து சாய வேண்டியிருந்தது. நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். எந்தக் கையால் தட்டுகிறேன் என்று எனக்குத் தெரிந்துதான் தட்டினேன்.

செல்விக்கு இன்னும் நினைவு வரவில்லை. அவளைத் தக்கவைக்கப் பார்க்கிறோம் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 4

மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு வந்தேன். தெருவில் ஜீப் நின்றது. நம் தெருவில் இன்னும் நாலைந்து பேருக்கு மஞ்சள்காமாலையாம். தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தெருவில் சண்டை, எப்போது திறப்பீர்கள் என்று. நாளை மறுநாள் திறந்தே ஆக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்களாம்.

ஷெரின் மேடம் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எந்த இடத்தில் மோட்டார் இழுக்கிறதோ, அந்த இடத்து உடைப்பு வழியாகத்தான் சாக்கடை உள்ளே ஏறும், வீடு தெரிந்தால் அங்கே தோண்டிச் சரிசெய்துவிடுவேன், தெரியாவிட்டால் முழுத் தெருவையும் தோண்ட ஆள் இல்லை, திறந்தால் மறுபடியும் அதே தண்ணீர்தான் வரும் என்றார். எல்லா வீட்டிலும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

என்னிடம் கேட்கும்போது அவர் செல்வியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். "உங்ககிட்ட இப்பக் கேக்கக் கூடாது சார். ஆனாலும் கேக்கேன். உங்க வீட்ல மோட்டார் இருக்கா?"

இல்லை என்றேன். அண்டா இன்னும் கவிழ்ந்தபடியே கிடந்தது.

ஆகஸ்ட் 5

காலையில் மதுரைக்குக் கிளம்பிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். எதிர்வீட்டு வாசலில் பேச்சிமுத்து தன் மகளை வெளிச்சத்தில் நிற்கவைத்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு வயது. என்னைப் பார்த்ததும், "அண்ணாச்சி, செல்விக்கு முதல்ல இப்படித்தான் இருந்துச்சா?" என்றான்.

பையை வாசலிலேயே வைத்தேன். ஜீப்பைத் தேடிப் போனேன். தெரு முனையில் மேடத்தைச் சுற்றிக் கூட்டம் நின்று கத்திக்கொண்டிருந்தது. பொதுக் கூட்டத்தில் மைக் முன்னால் நடுங்காதவன் நான். இன்றைக்கு மைக் இல்லாமலே நடுங்கினேன். "மேடம், என் வீட்ல மோட்டார் இருக்கு. அன்னிக்கு அந்த அண்டாவுக்கு அடியில இருந்துச்சு. என் வீட்டு முன்னால தோண்டுங்க."

கூட்டம் என் பக்கம் திரும்பியது. என்னைத் திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். பேச்சிமுத்து, எங்கள் வீட்டிலும் இருக்கிறது என்றான். அப்புறம் பக்கத்து வீட்டில் ஒருவர். பிறகு யார் யாரோ. தீர்மானத்துக்குக் கை தூக்கின மாதிரியே இதற்கும் ஒவ்வொரு கையாக மேலே வந்தது.

தோண்டினார்கள். என் வாசலுக்கு நேர் எதிரே, வாறுகால் சாக்கடைக்கு அடியிலேயே மெயின் குழாய் போகிறது. இணைப்பு விண்டுபோய், கறுப்பாக ஊறிக்கிடந்தது. என் மோட்டார்தான் அதற்குப் பக்கம். மேடம் குழிக்குள் இறங்கி நின்று அண்ணாந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பேச்சிமுத்துவின் பிள்ளைக்கு ரத்தம் பார்த்தாயிற்று. லேசாகத்தான் இருக்கிறதாம், வீட்டிலேயே சரியாகிவிடுமாம்.

ஆகஸ்ட் 8, மதுரை

செல்வி கண் திறந்தாள். அம்மா என்றாள். பிறகு தன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பார்த்துவிட்டு யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10

பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொன்னார். ஈரல் தேறி வருகிறதாம். வராந்தாவில் முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவரும் எதற்கென்று கேட்காமல் குலுக்கினார்.

பாக்கியத்திடம் குழாய் தோண்டினதைச் சொன்னேன். அவள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரிப்பதை நிறுத்தவில்லை. சுவிட்சைப் போட்டது நான்தானே என்றாள். இல்லை, அது உன் மேல் இல்லை என்றேன். அது எனக்குத் தெரியும் என்றாள்.

இட்லியை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள். "மாப்பிள்ளைகிட்டயும் பிள்ளைகிட்டயும் நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா உங்க மேல கோவத்துல சொன்ன மாதிரி ஆகிரும். கோவம் இல்லன்னு நான் சொல்லல."

சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 12

செல்விக்கு ஊட்டிவிட்டேன். சொல்லவில்லை. பலவீனமாக இருக்கிறாள்.

ஆகஸ்ட் 13

மாப்பிள்ளையோடு டீ குடித்தேன். அவர் தன் வீட்டுக் கிணற்றைச் சோதிக்க ஆள் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். நான் சொல்ல வாயெடுத்தேன். கிளாஸைக் கீழே போட்டுவிட்டேன். இரண்டு பேருமாகக் குனிந்து பொறுக்கினோம். அதிலேயே நேரம் போய்விட்டது.

ஆகஸ்ட் 15

ஊரில் கொடியேற்றம். சாமியானாவும் நாற்காலியும் என் கடையில்தான் இருக்கின்றன. சாவி என்னிடம். போக வேண்டியதாயிற்று.

போன இடத்தில் இந்த வருடம் செயலாளர்தான் கொடியேற்ற வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். மாட்டேன் என்று எவ்வளவோ சொன்னேன். ஷெரின் மேடமும் வந்திருந்தார்.  பேசியது கல்லூரி முதல்வர்தான், சட்னி விஷயத்தை மறந்தவராக. தன் வீட்டில் அவ்வளவு பெரிய துக்கம் நடந்திருக்கும்போது, தெருவின் நன்மைக்காகத் தன் தவறை நாலு பேர் முன்னால் ஒத்துக்கொண்ட மனிதர், இவரல்லவா குடிமகன் என்றார். தான் கொடுத்த புத்தகம் வீண்போகவில்லை என்றும் சொன்னார். கை தட்டினார்கள். பேச்சிமுத்துவின் மகள் மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தாள். கண் வெளுத்துவிட்டது.

கயிற்றை இழுத்தேன். முடிச்சு அவிழவில்லை. இரண்டாம் தடவை இழுத்ததும் அவிழ்ந்து, பூவெல்லாம் என் தலையில் கொட்டியது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் பழக்கத்தில் சிரித்துவிட்டேன். பிறகு சாமியானாவுக்குப் பின்னால் போய் நின்றேன். சட்டையில் மைக் இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 17, மதுரை

இன்று சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளைக் கோத்து வைத்துக்கொண்டேன்.

வராந்தாவில் சம்பந்தியம்மா யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இருந்தவரைக்கும் ஒழுங்காக இருந்தாள், அங்கே போய்க் கண்டதையும் வாங்கித் தின்றிருப்பாள், பெற்றவர்கள் செல்லம் என்றார். நான் வருவதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். நான் கேட்காத மாதிரி கடந்து போனேன்.

செல்வி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வீக்கம் வற்றி, கை குச்சியாக இருக்கிறது. உடைத்த வளையல்களின் கீறல் மணிக்கட்டில் இன்னும் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். செல்வி, அப்பா உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். அம்மாட்ட சொல்லிராதீங்க. அவுககிட்டயும் சொல்லிராதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன்.

"அன்னிக்கு டாக்டரைப் பாத்துட்டு அம்மா மாத்திரை வாங்க நின்னாங்கல்ல. நான் வெளிய போயி கரும்புச்சாறு குடிச்சேன். ஐஸ் போட்டு. ஆசையா இருந்துச்சுப்பா. ஒண்ணு குடிச்சிட்டு இன்னொண்ணும் கேட்டு வாங்கிக் குடிச்சேன்."

நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பார்க்கவில்லை. போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்ல நீங்க எனக்காகத் தொட்டி தொட்டியாத் தண்ணி ஏத்தி வச்சீங்க. உங்க கையால ஊத்திக் குடுத்தீங்க. நான் வெளிய போயிக் கண்டதைக் குடிச்சு என் பிள்ளையக் கொன்னுட்டேன்."

ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்று டாக்டர் சொன்னது என் நாக்கு நுனியில் இருந்தது. கரும்புச்சாறு குடித்த அந்த வாரமே இவளுக்கு வாந்தி ஆரம்பித்துவிட்டது. அந்தச் சாற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும். தெரு முனையில் அத்தனை பேர் முன்னால் சொன்ன வாய்தான் இது. அங்கே சொன்னபோது எதிரில் நின்றவர்கள் தெருக்காரர்கள். அவர்களில் யாரும் என்னை அப்பா என்று கூப்பிடுவதில்லை.

அவள் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் நனைந்திருந்தது. "நீங்க திட்டுங்கப்பா. யாராவது திட்டுனா நல்லா இருக்கும்."

திட்டவில்லை. தலையைத் தடவிக்கொடுத்தேன். அப்போது மாப்பிள்ளை வெந்நீர் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் வேண்டும் என்றாள். அவர் ஊற்றப் போனார். அப்பா கொடுக்கட்டும் என்றாள். ஆற்றி, டம்ளரை அவள் உதட்டில் வைத்தேன். முழுவதையும் குடித்தாள்.

பெரியவரின் முறைப்படி எல்லாக் குணமும் முடிந்தால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இது மௌன வாரம். புளியங்கொட்டை டம்ளரைப் பாக்கியம் துணிப்பையோடு இங்கேயே கொண்டுவந்துவிட்டாள் போல, மாத்திரை வைக்க எடுத்தபோது பார்த்தேன். உள்ளே ஒரு கொட்டையும் இல்லை.

நான் சொல்லாமல் விட்டது இதுதான். கரும்புச்சாறு இல்லம்மா. அது அப்பா கொடுத்த தண்ணி.